குருமனைத் திண்ணை: ஆர்டரில் ஒரு பேர்தான் இருக்கும்

(வாசகர்களின் கேள்விகளுக்கு, வட ஆற்காட்டுக் குருமனைகளில், அதாவது சபை ஆயருக்குத் தரும் வீடுகளில், 34 வருடம் குடித்தனம் நடத்திய ஐயரம்மா ஒருவர் பதில் சொல்கிறார். இந்தப் பக்கம் கிறிஸ்தவ ஆயரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வார்கள்.)

கேள்வி: என் கணவர் ஒன்பது வருடம் மலைக் கிராமங்களில் மிஷனரியாக இருந்தார். போன வருடம் குருப்பட்டம் பெற்று, ஏழு கிராமச் சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்துக்கு ஆயராக வந்திருக்கிறார். மலையில் கரண்ட் இல்லை, கடை இல்லை, ஆனால் குடும்பமாக இருந்தோம். இங்கே எல்லாம் இருக்கிறது, அவர் மட்டும் வீட்டில் இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, கமிட்டிக்கு டீ எல்லாம் என் தலையில். ஊழியத்தின் மேலேயே எரிச்சல் வருகிறது. இது பாவமா?
- ஒரு வாசகி, குடியாத்தம் வட்டம்

பதில்: பாவமா இல்லையா என்பதை உங்கள் வீட்டு ஐயரையே கேளுங்கள், எனக்கு அந்த இலாகா இல்லை. எரிச்சல் வருமா என்று கேட்டால், எனக்கு வந்தது. 1991இல், உங்கள் குடியாத்தம் பக்கத்திலேயே வந்தது.

எங்களுக்கு 1986இல் கல்யாணம். அந்த மாதமே ஜவ்வாது மலை ஏறிவிட்டோம். ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்து போகிற ஊர். மண் சுவர் வைத்த ஒரே அறை. சாமைச் சோறு, புளிச்சாறு, பலாக் காலத்தில் மூன்று வேளையும் பலாப்பழம். அங்கே ஐந்து வருடம். நடுவில் 1989இல் வட ஆற்காட்டை இரண்டாகப் பிரித்தார்கள். பெட்டியைத் தொடாமலே நாங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் ஆனோம். என் ஆயுசில் நான் மூட்டை கட்டாமல் நடந்த ஒரே இடமாற்றம் அதுதான்.

மலையில் அவர் எப்படி நேரத்துக்கு வீடு வந்தார் என்று கீழே வந்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என்மேல் இருந்த பாசத்தால் என்று அதுவரை நினைத்திருந்தேன். இருட்டினால் அந்தப் பாதையில் கால் வைக்க முடியாது. கரடி பயம் வேறு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மனுஷன் வந்தே ஆகவேண்டும். அத்தனை நாளும் எனக்காக வேலை பார்த்தது இருட்டு! கீழே வந்ததும் சேகரத்தார் ஒரு பழைய டிவிஎஸ் 50 கொடுத்தார்கள், ரோட்டில் விளக்கும் இருந்தது. அவ்வளவுதான், வீட்டுக்கு வரவேண்டிய கட்டாயம் போய்விட்டது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. கூலி வேலைக்கும் பீடி ஆபீசுக்கும் தறிக்கும் போன ஜனங்கள் வீடு திரும்புவதே ஏழு மணிக்கு. அவர்கள் குளித்து, உலை வைத்து, பாய் விரித்து வீட்டுக் கூட்டம் தொடங்க எட்டரை. முடிந்து ஒரு டம்ளர் டீ குடிக்காமல் விடமாட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. மிஷனரியாக இருக்கும்போது திருவிருந்து கொடுக்கக் கீழேயிருந்து ஒரு ஐயர் வருவார், நம் வீட்டில் சாப்பிட்டுப் போவார். குருப்பட்டம் வாங்கியதும் அந்த ஐயர் வேலையும் இவருடையது. ஏழு சபைக்கும் திருவிருந்து, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். ஆயருக்குக் கைகொடுக்க உபதேசியார் ஒருவர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மலையில் சம்பளம் எங்கிருந்தோ மணியார்டரில் வந்தது. கொடுத்தவர்கள் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. இங்கே சந்தா கொடுக்கிறவர் எதிர்வீட்டில் இருக்கிறார். உங்கள் வீட்டில் என்றைக்கு மீன் குழம்பு என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். ஐயர் பகலில் அரை மணி கண்ணை மூடினால் "ஐயரு தூங்கறாரு" என்று ஊர் முழுக்கச் சேதி. ராத்திரி பதினொரு மணிக்கு வந்தது யாருக்கும் தெரியாது.

உங்கள் எரிச்சலை ஊழியத்தின் மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்தேன். கடவுளோடு சண்டை போடுகிறோமே என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் பழைய காலண்டரை எடுத்து, அவர் வீட்டில் சாப்பிட்ட ராத்திரிகளைச் சுற்றி வட்டம் போட்டேன். ஒரு மாதத்தில் நான்கு வட்டம். காலண்டரை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பேசவில்லை. அவர்தான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை எங்களுடையது என்று வைத்தோம். சாவுக்கு மட்டும் விலக்கு. ஜனங்கள் திங்கட்கிழமையாகப் பார்த்துச் செத்தார்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். பாதித் திங்கட்கிழமைகள்தான் கிடைத்தன. ஞானஸ்நானச் சான்று, பள்ளிக்கூட சிபாரிசுக் கடிதம் என்று வருகிறவர்களைச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னோம். முடியாது என்றவர்களுக்காக வண்டிச் சாவியை அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்திருந்தேன். "சாவியைக் காணோம்" என்று அவர் சொன்னது பொய் இல்லை பாருங்கள், அவருக்கு நிஜமாகவே தெரியாது.

உங்கள் தலையில் விழுந்த வேலைகளுக்கு வருகிறேன். இடமாற்ற ஆர்டரில் உங்கள் கணவர் பேர் மட்டும்தான் இருந்திருக்கும். எடுத்துப் பாருங்கள். உங்கள் பேரில் ஆர்டர் வராத வேலையைச் செய்வது உங்கள் இஷ்டம், கடமை அல்ல. மூன்றாவது சேகரத்துக்குப் போனபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது. முதல் கூட்டத்திலேயே சொன்னேன்: "பாட்டுக்கு வருவேன், பிள்ளைகளுக்கு வசனம் சொல்லித் தருவேன். சங்கத்துத் தலைவியாக இந்த ஊர் அம்மா ஒருத்தர் இருக்கட்டும், கணக்கு நோட்டு எனக்கு வேண்டாம்." முணுமுணுப்பு அறுப்பின் பண்டிகை வரை இருந்தது. அந்த வருடம் பண்டிகைக் காணிக்கைப் பொருள்களின் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை நானே விலை ஏற்றிவிட்டு மாட்டிக்கொண்டேன். சிரித்துச் சிரித்து எல்லாரும் சமாதானம் ஆனார்கள். புதுத் தலைவி எனக்குப் பிறகு நான்கு ஐயர்களைப் பார்த்துவிட்டார், சங்கம் இன்னும் நடக்கிறது.

கேள்வி: என் கணவரைக் கிராமச் சபையிலிருந்து மருத்துவமனை ஊழியத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். வேலூரில் குவார்ட்டர்ஸ், மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார். சந்தோஷப்பட்டேன். ஆனால் வந்தால் பேசுவதில்லை, சின்னதற்கெல்லாம் கோபம். சேகரத்தில் இருந்தபோது இப்படி இல்லை.
- பெயர் வேண்டாம், வேலூர்

பதில்: சேகரத்தில் ஒரு சாவுக்குப் பிறகு ஒரு கல்யாணம் வரும். அழுத வீட்டுக்கு அடுத்த மாதம் குழந்தைக்குப் பேர் வைக்கப் போவார். ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. பிழைத்தவர் ஊருக்குப் போய்விடுவார், பிறகு இவர் கண்ணில் படமாட்டார். மற்றவரோடுதான் கடைசிவரை இவர் உட்கார்ந்திருப்பார். இவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கிறது, அதுவும் கஷ்டமான பாதி.

எங்கள் வீட்டுக்காரர் 2005இலிருந்து ஏழு வருடம் அந்த வேலை பார்த்தார். காந்தி ரோட்டு லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கடைப் பலகையெல்லாம் வங்காள எழுத்து. அவர்களில் பலருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. இவர் ஒரு நோட்டு போட்டு வங்காளிச் சொற்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்தார். "பொய் நெய்" என்று ஒரு வரி. பயமில்லை என்று அர்த்தமாம். நம் காதுக்குப் பொய்யும் நெய்யும்தான். என் மகள் அவரைப் பார்த்து, "அப்பா பொய்யும் நெய்யும் விக்கப் போறாரு" என்பாள். ஒருநாள் அவள் அப்படிச் சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று காலை அந்த வார்த்தையைச் சொல்லித் தைரியம் கொடுத்த ஒரு பையன் மதியம் இறந்துபோனான். எங்களுக்கு அது மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த வழி ரொம்பச் சாதாரணம். வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்னா ஆச்சு?" என்று கேட்பதை நிறுத்தினேன். கொல்லைக் குழாயில் கைகால் கழுவ அரை மணி எடுப்பார், எடுக்கட்டும் என்று விட்டேன். பாகாயம் பக்கம் ஒரு நடை போய்வருவோம். போகும்போது பேசமாட்டார், திரும்பும்போது பேசுவார். எல்லா நாளும் அல்ல. கூட வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி ஆயர்களோடு (சாப்ளின்கள்) வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிற வழக்கம் அங்கே இருந்தது, அதுதான் அவரைக் காப்பாற்றியது என்று இப்போது சொல்கிறார். உங்களவர் அதற்குப் போகிறாரா என்று கேளுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து வாரக்கணக்கில் போனால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐயர் டாக்டரிடம் போனால் விசுவாசம் குறைவு என்று சொல்கிறவர்களை என்னிடம் அனுப்பிவையுங்கள்.

கேள்வி: இருபது வருடம் கிராம ஊழியம் செய்தேன். இப்போது பள்ளிகளைக் கவனிக்கும் அலுவலகப் பொறுப்பு. நாளெல்லாம் கோப்பு, கையெழுத்து, கட்டட ரசீது. வேதம் எடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது. நான் இன்னும் போதகர்தானா?
- ஒரு ஆயர், ராணிப்பேட்டை மாவட்டம்

பதில்: ஸ்தோத்திரம் ஐயரே. உங்களுக்குப் புத்தி சொல்கிற வயது எனக்கு இருந்தாலும் தகுதி இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆற்காடு மிஷனை ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கினார்கள். அந்தக் காலத்து ஆட்களைப் பார்த்தால் ஒரே வேலையோடு இருந்தவர் குறைவு. மதனப்பள்ளியில் இருந்த ஜேக்கப் சேம்பர்லின் பிரசங்கியார், வைத்தியர், தெலுங்கு வேதாகமத் திருத்தக் குழுவிலும் இருந்தவர். வேலூர் ஊரீஸ் கல்லூரி 1898இல் கல்லூரி ஆனது என்றால், அதற்கும் யாரோ ஒரு பாதிரியார் செங்கல் கணக்கு எழுதித்தானே இருப்பார்? அந்த நோட்டை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில்லை.

எங்கள் ஐயரும் 2012இல் கோப்புக்குப் போனார். முதல் வருடம் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு கிராமப் பள்ளி ஆசிரியை ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகியும் பென்ஷன் வரவில்லை. பணிப் பதிவேட்டில் பிறந்த தேதி ஒன்று, சான்றிதழில் வேறொன்று. அரசு அலுவலகத்துக்குப் பதினொரு தடவை போனார், ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காகிதம் கேட்டார்கள். பன்னிரண்டாவது தடவை முடிந்தது. அந்த அம்மா ஒரு பை நிறைய இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயோடு வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். அன்று ராத்திரி எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. "மலையில கூட இப்படி ஒரு சாட்சி கேட்டதில்ல" என்றார் இவர்.

ஆனாலும் ஐயரே, வேதம் எடுத்துப் பேசாமல் உங்களுக்கு மூச்சு முட்டுகிறதே, அதை விட்டுவிடாதீர்கள். ஆயர் இல்லாத கிராமச் சபை ஒன்றை மாதம் ஒரு ஞாயிறு கேட்டு வாங்குங்கள். தருவார்கள், ஆள் பற்றாக்குறை அப்படி. உங்கள் வீட்டம்மாவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அலுவலகப் பொறுப்பு வந்ததில் அவருக்கு முதன்முதலாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவன் கிடைத்திருக்கலாம்.

கேள்வி: நான் ஆயர் மகன். பத்தாம் வகுப்புக்குள் ஐந்து பள்ளிக்கூடம். இப்போது பிளஸ் டூ. அப்பாவுக்கு மறுபடி மாற்றல் வருமாம். "தேவ சித்தம்" என்கிறார். என் சித்தத்தை யாரும் கேட்கவில்லை.
- ஆம்பூர்

பதில்: தம்பி, உன் கடிதம் இரண்டு நாள் என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஒரு மிஷனரி மகள் உண்டு. இடா ஸ்கடர், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர். வேலூரில் அவர் பேரைத் தெரியாத ஆட்டோக்காரர் இல்லை. 1890இல் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்து கதவைத் தட்டிய கதையை உனக்கும் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். பெண் டாக்டர் இல்லாமல் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள், இந்தப் பெண் டாக்டராகத் தீர்மானித்தாள், 1900இல் திரும்பி வந்தாள். சரி. அதற்கு முந்தைய கதையை யாரும் சொல்வதில்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளைச் சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். மிஷனரி ஆகவே மாட்டேன் என்று இருந்தவள் அவள். அந்தப் பிள்ளை மனசு எனக்குப் புரிகிறது, உனக்கும் புரியும். உன்னை ஊழியத்துக்கு இழுக்க இதைச் சொல்லவில்லை. என் மகன் கிறிஸ்மசுக்கு மட்டும்தான் கோயிலுக்கு வருகிறான், அவனோடும் நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவன் பிளஸ் டூ போகிற வருடம்தான் ஆரணியிலிருந்து வேலூருக்கு ஆர்டர் வந்தது. குருமனையைக் காலி பண்ண வேண்டும். நான் ஆரணியிலேயே ஒரு அறை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளோடு பத்து மாதம் இருந்தேன். ஐயர் வேலூரில் ஓட்டல் சாப்பாடு. "ஐயருக்கும் அம்மாவுக்கும் ஆகல" என்று பேச்சு கிளம்பி வேலூர் வரைக்கும் போனது. போகட்டும் என்று விட்டோம். பையன் பரீட்சை எழுதிய மறுநாள் சாமான் ஏற்றினோம்.

உன் அப்பாவிடம் ஆர்டர் வருவதற்கு முன்னால் பேசு. மாற்றல் பெரும்பாலும் பள்ளி திறக்கிற சமயத்தில்தான் வரும், பேசுவதற்கு உனக்கு நாள் இருக்கிறது. பிள்ளைக்குப் பொதுத் தேர்வு, ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள் என்று மேலே எழுதிக் கேட்கலாம். பலர் கேட்டிருக்கிறார்கள், சிலருக்குக் கிடைத்திருக்கிறது. கிடைக்காவிட்டால் விடுதி, இல்லையென்றால் நான் செய்த மாதிரி. "தேவ சித்தம்" என்று அவர் மறுபடி சொன்னால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் வேதப் புத்தகத்துக்குள் வை. நான் சொன்னதாகச் சொல்.

கேள்வி: எங்கள் ஆயரம்மா வேலைக்குப் போகிறார். சபை வேலை பாதிக்காதா?
- சபை உறுப்பினர், வாணியம்பாடி

பதில்: அவர் சம்பளத்தில்தான் உங்கள் ஆயர் வீட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று என் யூகம். சந்தாப் புத்தகத்தில் உங்கள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: குருமனையை "ஐயர் வீடு" என்று சொல்வதால் குழப்பம் வருவதில்லையா?
- காட்பாடி

பதில்: வரும்! மலையிலிருந்து இறங்கிய வருடம் ஒரு கல்யாணத் தரகர் அக்ரகாரத்துப் பையனின் ஜாதகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்பில் கருவாடு. வாசலோடு திரும்பிவிட்டார், பாவம், குடையையும் மறந்து.

கேள்வி: அடுத்த வருடம் என் கணவருக்கு ஓய்வு. இதுவரை எட்டுக் குருமனை. சொந்த வீடு இல்லை. வீட்டைப் பற்றிய கவலை ஒரு பக்கம், சும்மா இருக்கத் தெரியாத இவரை என்ன செய்வது என்ற கவலை இன்னொரு பக்கம்.
- வாலாஜாபேட்டை

பதில்: அக்கா, வீட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கெட்டிக்காரி. சீட்டுப் பிடித்து, காட்பாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு சென்ட் வாங்கிப் போட்டேன், அவருக்கே பத்திரப் பதிவன்றுதான் தெரியும். இப்போது அது உங்களுக்கு உதவாது. ஓய்வூதியமும் சேமநிதியும் எவ்வளவு வரும் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். கடைசி மாதத்தில் கேட்டால் பூக்கொத்துதான் முதலில் வரும். முதல் வருடத்துக்கு வாடகை வீடு பாருங்கள், பிள்ளைகள் வீட்டுக்கு மூட்டையோடு போக அவசரப்படாதீர்கள். இன்னொன்று, கடைசியாக இருந்த சேகரத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்காதீர்கள். ஜனங்கள் பாசத்தில் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் பழைய ஐயரையே கூப்பிடுவார்கள், புது ஐயர் மனசு நோகும். புது ஐயரம்மாவாக அந்த நோவை நான் பட்டிருக்கிறேன்.

எங்கள் ஓய்வு 2020 மே மாதம். ஊரடங்கு. பிரிவுபசாரக் கூட்டம் இல்லை, சால்வை இல்லை, சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனம் இல்லை. முகக்கவசத்தோடு செயலர் வாசலில் நின்றார், சாவிக் கொத்தை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தோம். கோயில் பூட்டியிருந்தது. 34 வருடத்துக்கு ஒரு மணி கூட அடிக்கவில்லை. இவர் லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவர் பாலாற்றுப் பாலம் தாண்டுகிற வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சும்மா இருக்கத் தெரியாதது உண்மைதான். முதல் ஆறு மாதம் என் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டினார். இப்போது காலையில் மார்க்கெட்டுக்குப் போகிறார். கத்தரிக்காய் விலை தெரியாது, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, விற்கிற அம்மாவின் முட்டிவலிக்கு ஜெபமும் பண்ணிவிட்டு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறார். கல்யாணமான நாளிலிருந்து ஆராதனையில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. பாட்டு எண் சொன்னால் தேடத் தெரியாமல் என் புத்தகத்தை எட்டிப் பார்ப்பார். முடிவில் ஆயர் ஆசீர்வாதம் கூற எழுந்ததும், இவர் வலது கை தானாக மேலே கிளம்பிவிடுகிறது. முதலில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போதெல்லாம் அந்தச் சமயம் பார்த்துப் பாட்டுப் புத்தகத்தை அந்தக் கையில் கொடுத்துவிடுகிறேன்.